தத்துவம், அரசியல், அறவியல் மூன்றும் சேர்ந்த டிகிரி: எடுக்கலாமா, உள்ளே என்ன நடக்கிறது?

புதுமாணவி

தத்துவம், அரசியல், அறவியல் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் டிகிரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் மட்டும் படிக்கவும் இடம் தருகிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் எதில் தேறுவாய்? எனக்கும் அதே சந்தேகம்தான்.

சிலபஸ் பார்த்தேன். முதலாண்டில் தர்க்கம், அறவியல் அறிமுகம், அரசியல் தத்துவம், ஒப்பீட்டு அரசியல் என்று போட்டிருக்கிறது. அறவியல் என்பது பள்ளிக்கூடத்து நல்லொழுக்க வகுப்பு மாதிரி இருந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. வேலை பற்றிச் சொன்னால் நல்லது, ஆனால் அதற்கு முன்னால் வகுப்புக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிய வேண்டும். படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்களேன்.

கடைசிவருடம்

தங்கை, நல்லொழுக்க வகுப்பு என்ற பயத்தை முதலில் விடுங்கள். எது நல்லது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. நீங்கள் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் கேட்பார்கள், அப்புறம் அந்தக் காரணத்துக்கும் காரணம் கேட்பார்கள். முதல் செமஸ்டரில் பலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். ஐந்து பேர் மீது ஏறப்போகும் டிராமை ஒருவர் மட்டும் நிற்கும் தடத்துக்குத் திருப்பலாமா என்ற புதிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள், திருப்புவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி 1967-ல் இதை எழுதியபோது அது கருக்கலைப்பு பற்றிய ஒரு கட்டுரைக்குள் வந்தது, அதுவும் தனியாக வரவில்லை. டிராம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு நீதிபதியையும் அவர் வைத்தார். ஒரு கலவரக் கும்பல் ஐந்து பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, குற்றவாளியைத் தண்டிக்காவிட்டால் இவர்களைக் கொன்றுவிடுவோம் என்கிறது. உண்மையான குற்றவாளி யாரென்று தெரியவில்லை. ஒரு நிரபராதி மீது பழியைப் போட்டுத் தூக்கிலிட்டால் ஐந்து பேரும் பிழைப்பார்கள். ஓட்டுநர் திருப்பலாம் என்று சொன்னவர்களில் அநேகம் பேர் நீதிபதி அதைச் செய்யக்கூடாது என்கிறார்கள். இரண்டிலும் ஒருவர் சாகிறார், ஐவர் பிழைக்கிறார்கள், கணக்கு ஒன்றுதான். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

ஃபுட் சொன்ன பதில், தீங்கு செய்யாமலிருக்கும் கடமையும் உதவி செய்யும் கடமையும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது. ஓட்டுநர் எந்தப் பக்கம் போனாலும் கொல்கிறார், ஆகவே குறைவாகக் கொல்வது சரி. நீதிபதிக்கோ ஒரு பக்கம் கொலை, மறுபக்கம் காப்பாற்ற முடியாமல் போவது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? பிறகு ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற இன்னொரு தத்துவவாதி வந்து ஓட்டுநரை எடுத்துவிட்டு, தடத்துக்கு அருகில் சும்மா நிற்கும் ஒருவரின் கையில் நெம்புகோலைக் கொடுத்தார். அவர் எதுவும் செய்யாவிட்டால் யாரையும் கொன்றவர் ஆகமாட்டார். ஆனாலும் அவர் திருப்பலாம் என்றுதான் பலருக்கும் படுகிறது. ஃபுட்டின் பதில் இங்கே இடறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நீதிபதி. அவர் தனியாள் இல்லை, அரசு. நிரபராதியைப் பலி கொடுத்து அமைதி வாங்கும் அதிகாரம் ஒரு அரசுக்கு இருக்கலாமா என்று கேட்டதுமே அறவியல் வகுப்பிலிருந்து அரசியல் வகுப்புக்கு வந்துவிடுகிறோம். அவசரநிலைச் சட்டங்கள், விசாரணையில்லாத காவல், சித்திரவதை எல்லாம் இதே கேள்வியின் வேறு முகங்கள். மூன்றையும் சேர்த்துப் படிப்பதில் லாபம் இதுதான்: ஒரு கேள்வியை ஒரு துறையின் எல்லையில் விட்டுவிடாமல் அடுத்த துறைக்குள்ளும் துரத்திக்கொண்டு போகலாம்.

நேர ஒதுக்கீடு பற்றியும் ஒரு வார்த்தை. தத்துவப் பாடத்தில் பக்கங்கள் குறைவு, படிக்க ஆகும் நேரம் அதிகம். இருபது பக்கக் கட்டுரையை ஒரு மாலை முழுக்க வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அரசியல் பாடத்தில் இதற்கு நேர் எதிர், வாரத்துக்கு நூறு பக்கங்களுக்கு மேல் கூடக் கொடுப்பார்கள், எதை வேகமாகத் தள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வேகங்களுக்கும் ஒரே வாரத்தில் மாறுவதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டமான பகுதி.

பொருளியல்பக்கம்

மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி கூட்டுப் படிப்புகளுக்கு முன்மாதிரி ஆக்ஸ்ஃபோர்டில் 1920-களின் தொடக்கத்தில் வந்தது, அதில் மூன்றாவது பாடம் பொருளியல். தத்துவம், அரசியல், பொருளியல். நவீன அரசைப் புரிந்துகொள்ள வரி, வட்டி, விலை, வேலையின்மை தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்தது அது. பல இடங்களில் பொருளியலை எடுத்துவிட்டு அங்கே அறவியலையோ சட்டத்தையோ வைக்கிறார்கள். அறவியல் ஏற்கெனவே தத்துவத்தின் ஒரு கிளை. ஆக மூன்று பாடம் என்பது உண்மையில் இரண்டு, எண்களோடு பழகும் பாடம் மட்டும் காணாமல் போயிருக்கிறது.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நீதி பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் உயர்த்தினால் வேலை குறையுமா, எவ்வளவு, யாருக்கு என்று தரவை வைத்துப் பார்க்கத் தெரியாதவர் அந்தக் கேள்வியில் பாதிதான் பேசுகிறார். ஆக்ஸ்ஃபோர்டிலேயே இப்போது முதலாண்டு முடிந்ததும் மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் தொடரலாம் என்று வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் ஆழம் முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். எனவே என் ஆலோசனை, அரசியல் அறிவியலை எடுங்கள், தத்துவத்தை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையிலிருந்து

அறவியலும் அரசியல் கோட்பாடும் பல வருடங்களாகக் கற்பிக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் ஒரு பகுதியை முழுதாக ஏற்கிறேன். புள்ளியியல் இல்லாமல் இந்த டிகிரியை முடிக்கக் கூடாது. புதுமாணவி, உங்கள் சிலபஸில் ஆய்வு முறைகள் அல்லது புள்ளியியல் என்று ஒரு பாடம் இருக்கிறதா பாருங்கள், விருப்பப் பாடமாக இருந்தால் கூடத் தயங்காமல் எடுங்கள்.

அறவியல் தத்துவத்தின் கிளை, ஆகவே தனியாகத் தேவையில்லை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. முதலாண்டு வகுப்பில் நான் பலகையில் எழுதும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குழுவில் மூன்று பேர், கையிலிருக்கும் பணத்தில் பள்ளி, சாலை, மருத்துவமனை இவற்றில் ஒன்றைத்தான் கட்டலாம். முதலாமவரின் விருப்ப வரிசை பள்ளி, சாலை, மருத்துவமனை. இரண்டாமவருக்குச் சாலை, மருத்துவமனை, பள்ளி. மூன்றாமவருக்கு மருத்துவமனை, பள்ளி, சாலை. இப்போது இரண்டிரண்டாக வாக்கெடுத்துப் பாருங்கள். பள்ளியா சாலையா என்றால் பள்ளி ஜெயிக்கும், சாலையா மருத்துவமனையா என்றால் சாலை ஜெயிக்கும், சரி, அப்படியானால் பள்ளி மருத்துவமனையையும் ஜெயிக்க வேண்டும் அல்லவா? ஜெயிக்காது, மருத்துவமனைதான் ஜெயிக்கும். மூவரில் யாரும் முன்னுக்குப் பின் முரணாக எதையும் விரும்பவில்லை, ஆனாலும் பெரும்பான்மை வட்டமடிக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொண்டோர்சே இதை 1785-ல் எழுதினார். 1951-ல் பொருளியலாளர் கென்னத் ஆரோ இதைவிடப் பெரிய ஒன்றை நிரூபித்தார்: மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருந்தால், தனிநபர் வரிசைகளைச் சேர்த்து ஒரு சமூக வரிசையாக்கும் எந்த விதியும், யாரும் மறுக்க மாட்டார்கள் என்று தோன்றும் சில எளிய நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற முடியாது. ஒருவர் விருப்பத்தையே எல்லோர் விருப்பமாக்கும் சர்வாதிகாரம்தான் மிஞ்சும்.

இது எந்தத் துறை? நிரூபணம் தர்க்கம், அதற்குத் தத்துவ வகுப்பில் பெறும் பயிற்சி வேண்டும். எந்த ஜோடியை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிப்பவர் முடிவையும் தீர்மானிக்கிறார் என்பது அரசியல், நாடாளுமன்ற நடைமுறைகளில் நிகழ்ச்சி நிரலுக்கு நடக்கும் சண்டையெல்லாம் இதனால்தான். அப்படி வந்த முடிவுக்கு எதிராக வாக்களித்தவர் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது அறவியல். இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்காமல் விட்டால் முதல் இரண்டும் வெறும் நுட்பமாக நின்றுவிடும். நண்பர் போற்றும் பொருளியலிலேயே இந்த வேலையைத் தொடர்ந்தவர் அமர்த்தியா சென். 1970-ல் அவர் காட்டியது, மிகக் குறைந்த தனிமனிதச் சுதந்திரத்தையும் எல்லோரும் விரும்புவதை மதிக்கும் விதியையும் சேர்த்து வைத்தால் கூட மோதல் வரும் என்பது. அவர் பொருளியலாளரா தத்துவவாதியா என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. அறவியல் அரசியலுக்கு வெளியே எங்கோ அமைதியாக வளர்ந்த துறை இல்லை. 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டு, முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. அங்கிருந்த தத்துவவாதி எலிசபெத் அன்ஸ்கம் எழுந்து எதிர்த்தார். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குடிமக்களைக் கொல்வதை ஒரு நோக்கத்துக்கான வழியாகத் தேர்ந்தெடுத்தது கொலை, அதைச் செய்ய உத்தரவிட்டவரைக் கௌரவிக்கக் கூடாது என்றார். அவருடன் நின்றவர்கள் மிகச் சிலர், பட்டம் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1957-ல், நோக்கம் என்றால் என்ன, ஒன்றை நோக்கமாகக் கொண்டு செய்வதற்கும் விளைவாக வரும் என்று தெரிந்தே செய்வதற்கும் என்ன வேறுபாடு என்பதை ஆராயும் அவருடைய நூல் வந்தது. இன்றைக்குப் போர்ச் சட்டம் பேசுபவர்கள் குடிமக்களைக் குறிவைப்பதையும் குடிமக்கள் இறக்கக்கூடும் என்று தெரிந்தே ராணுவ இலக்கைத் தாக்குவதையும் பிரித்துப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் தத்துவ அடித்தளத்தைப் படிக்க அவரிடம் போகாமல் முடியாது.

ஓரத்தில்நிற்பவன்

எல்லாம் சரி. ரீடிங் லிஸ்ட் பற்றி யாரும் பேசவில்லையே. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், லாக், ரூசோ, கான்ட், மில், ரால்ஸ், முடிந்தது. நான் படித்தபோது இப்படித்தான். இவர்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் ரால்ஸின் 1971 நூலில், சமூகத்தில் தாங்கள் யாராக இருப்போம் என்றே தெரியாதபடி மறைக்கும் அறியாமைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து நீதியின் விதிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் குடும்பத் தலைவர்கள் போலக் கற்பனை செய்யப்பட்டிருக்கிறார்கள், அப்படியானால் குடும்பத்துக்குள் இருக்கும் அநீதியை யார் பார்ப்பது என்று சூசன் மோலர் ஓகின் 1989-ல் கேட்டார். சமூக ஒப்பந்தம் என்று இவர்கள் பேசியது உண்மையில் வெள்ளையர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் என்று சார்ல்ஸ் மில்ஸ் 1997-ல் எழுதினார். இவற்றை மூன்றாமாண்டு விருப்பப் பாடத்தில் ஒரு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியிடம் படித்தவர். 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்னது, அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்ற சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை, இந்த முரணை நீண்ட நாள் வைத்துக்கொண்டிருந்தால் ஜனநாயகமே ஆபத்துக்குள்ளாகும் என்பது. அது வெறும் வரலாற்று உரை இல்லை, ஜனநாயகக் கோட்பாட்டில் ஒரு முழு வாதம். அதை ரால்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வகுப்பு கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். சேர்வதற்கு முன் ரீடிங் லிஸ்டை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

குழுவில்வேலை

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இதே மாதிரி ஒரு டிகிரி முடித்துவிட்டு, மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிகிரியின் பெயரைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். என்னோடு படித்தவர்கள் சட்டம், பத்திரிகை, அரசுப் பணி, கொள்கை ஆய்வு என்று போனார்கள், எல்லோருமே டிகிரிக்கு மேல் வேறு ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது.

ஆனால் நான் தினமும் செய்வது அந்த வகுப்பில் கற்றதைத்தான். டஸ்கீகி ஆய்வு பற்றிப் படிப்பீர்கள். 1932-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அலபாமாவில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை வைத்துத் தொடங்கியது, அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 1940-களில் பெனிசிலின் அந்த நோய்க்கு நல்ல மருந்து என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதில் என்னை இன்னும் உலுக்குவது, விதிகள் இல்லாத காலத்தில் இது நடக்கவில்லை என்பது. ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் கட்டாயம் என்று நியூரம்பர்க் விதிகள் 1947-லேயே சொல்லிவிட்டன. மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1964-ல் வந்தது. அதே சேவையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் உள்ளேயே எதிர்ப்புத் தெரிவித்தார், நிற்கவில்லை. 1972-ல் பத்திரிகைகளில் வெளியான பிறகுதான் நின்றது. அதன் பின் 1979-ல் வந்த பெல்மான்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்று கோட்பாடுகளை வைத்தது. அறவியல் மட்டும் படித்தவர் சம்மதப் படிவத்தைச் சரியாக எழுதிவிடுவார். ஏழைகள், சிறையிலிருப்பவர்கள், வேறு மருத்துவம் கிடைக்காதவர்கள் இவர்களையே ஏன் ஒவ்வொரு ஆய்வும் தேடிப் போகிறது, எதிர்ப்பு ஏன் மேலே போய்ச் சேரவில்லை என்று கேட்க அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று படித்திருக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் திருப்புவது ஆட்களை எப்படிச் சேர்க்கப் போகிறார்கள் என்ற பக்கத்தைத்தான்.

புதுமாணவி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மருத்துவக் குழு பற்றிப் படித்த பிறகு சேர்ந்த படிப்பையே எடுப்பது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன், புள்ளியியலையும் சேர்த்து. இரண்டு கேள்வி. தர்க்கப் பாடத்தில் குறியீடுகள் நிறைய வருமாமே, கணக்கில் சுமாராக இருப்பவர்களால் முடியுமா? இரண்டாவது, எஸ்ஸே எழுதுவது. ஒரு வாதத்தை எழுதிப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள்:

அரசின் பயன்களை அனுபவிப்பவர் எல்லோரும் அதன் சுமையையும் பகிர வேண்டும். வாக்களிப்பது அந்தச் சுமையில் ஒன்று. ஆகவே ஆஸ்திரேலியாவில் 1924 முதல் இருப்பது போல வாக்களிக்காதவருக்கு அபராதம் போடுவது நியாயம்.

கடைசிவருடம்

தர்க்கத்துக்குக் கணக்கு வேண்டாம், தினமும் பயிற்சி வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்தால் வராது. 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது' என்பதில் தப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரிந்தால் முதல் மாதத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

வகுப்பறையிலிருந்து

அம்மா, எழுதிக் காட்டியதற்கு மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதில் வாதத்தின் எலும்பு தெரிகிறது, முதலாண்டில் அதுவே பாதி வேலை. இப்போது எங்கே உடையும் என்று பார்ப்போம்.

உங்கள் முதல் வரிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. எச். எல். ஏ. ஹார்ட் 1955-ல் அதைத் தெளிவாக எடுத்துவைத்தார், ரால்ஸும் அதைப் பயன்படுத்தினார். ராபர்ட் நாசிக் என்ற தத்துவவாதி 1974-ல் எதிர் உதாரணம் கொடுத்தார்: உங்கள் தெருவாசிகள் ஒலிபெருக்கி வைத்து ஆளுக்கொரு நாள் பாட்டும் கதையும் ஒலிபரப்புகிறார்கள், நீங்களும் ஜன்னலோரம் நின்று ரசித்திருக்கிறீர்கள். உங்கள் முறை வரும்போது ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டுமா? நீங்கள் கேட்காமலே வந்த பயனுக்கு யார் விலை குறித்தது? இதற்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவும்போது ஒரு படி விடுபட்டிருக்கிறது. வாக்களிக்கும் கடமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கொடுத்த வாக்குறுதியைக் காப்பதும் ஆபத்தில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவதும் கூடக் கடமைதான், தவறினால் அரசு அபராதம் போடுவதில்லை. எந்தக் கடமையை அரசு கட்டாயப்படுத்தலாம் என்று ஒரு வரி நடுவில் வேண்டும். ஜேசன் பிரென்னன் 2011-ல் இதற்கும் முன்னால் போய், விவரம் தெரியாமல் வாக்களிப்பதால் மற்றவர்களுக்குத் தீங்கு, அப்படிப்பட்டவர் வாக்களிக்காமல் இருப்பதே கடமை என்று வாதிட்டார். அவர் சொல்வதை அவரே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதிவிட்டு, பிறகு மறுத்துப் பாருங்கள்.

உங்கள் முடிவைக் காப்பாற்ற வேறு வழியும் உண்டு. வாக்களிக்க வராதவர்களில் ஏழைகளும் படிப்புக் குறைந்தவர்களும் அதிகம் என்றால் அரசின் காது ஒரு பக்கமாகச் சாயும், கட்டாய வாக்களிப்பு அதை ஓரளவு சரிசெய்யும் என்று ஆரெண்ட் லைஃபார்ட் 1997-ல் எழுதினார். அப்போது வாதம் சுமையைப் பகிர்வதிலிருந்து சமத்துவத்துக்கு நகர்கிறது, அதோடு அது உண்மையிலேயே நடக்கிறதா என்று தரவைப் பார்க்கவும் வேண்டிவரும்.

பொருளியல்பக்கம்

தரவு என்றதும் வந்துவிட்டேன். அபராதம் பற்றிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க்னீசி, ருஸ்டிகினி இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு. இஸ்ரேலில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணம் கட்டிவிட்டால் போதும் என்று பெற்றோர் அதை ஒரு கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். வாக்களிப்பு கடமை என்று சொல்லிவிட்டு அதற்குச் சிறு தொகை அபராதம் வைத்தால் அந்தக் கடமை உணர்வுக்கு என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் வாக்குப்பதிவு உயர்ந்தது, ஆகவே அங்கே அபராதம் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏன் வேறு மாதிரி என்று உங்கள் மூன்றாவது வரி சொல்ல வேண்டும். இரண்டாவது வரைவை இங்கேயே போடுங்கள், நான் எண்களின் பக்கம் பார்க்கிறேன்.